இ20 பெட்ரோலால் பழைய காருக்குப் பிரச்னையா... டேங்க்கில் ஊற்றும் 'இன்ஜின் கிளீனர்' உண்மையிலேயே வேலை செய்யுமா?

பெட்ரோல் பங்க்கில் வண்டியை நிறுத்தினால் "ஒரு பாட்டில் ஊத்திடலாமா சார்?" என்று கேட்கிறார்கள். சர்வீஸுக்கு விட்டால் பில்லில் 'ஃப்யூயல் சிஸ்டம் கிளீனர்' என்று ஒரு வரி தானாக வந்து உட்காருது. இ20 பெட்ரோல் எல்லா பங்க்கிலும் வந்த பிறகு இந்தப் பாட்டில்களுக்குப் புது விளம்பரமும் கிடைச்சிருக்கு: 'எத்தனால் பாதிப்பிலிருந்து உங்கள் பழைய இன்ஜினைப் பாதுகாக்கும்.'

பத்து, பதினைந்து வருஷம் ஓடிய ஆல்டோ, சான்ட்ரோ, வேகன்ஆர் வைத்திருப்பவர்களைக் குறி வைத்துதான் இந்த விளம்பரங்கள் வருது. புது கார் வாங்க முடியாத குடும்பம், இருக்கிற காரையே இன்னும் ஐந்து வருஷம் ஓட்டணும்னு நினைக்கும். சில நூறு ரூபாயில் இன்ஜின் பிழைக்கும்னா யார்தான் வேண்டாம் என்பார்கள்?

இந்தப் பாட்டில்களில் சில உண்மையிலேயே வேலை செய்யும். ஆனால் எந்தப் பிரச்னைக்காக இப்போது விற்கப்படுகிறதோ, அதை அவை சரி செய்யாது.

பழைய காருக்கு இ20 என்ன செய்கிறது?

2018-ல் வெளியான தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2030-க்குள் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலக்க இலக்கு வைத்தது. பிறகு அந்த இலக்கு 2025-26-க்கு முன்னால் கொண்டுவரப்பட்டது. 2022 ஜூனில் 10 சதவீதம் எட்டினோம். 2023 பிப்ரவரியில் பெங்களூருவில் பிரதமர் மோடி இ20 விற்பனையைத் தொடங்கி வைத்தார். 2025-ல் 20 சதவீதத்தை எட்டிவிட்டதாக அரசு அறிவித்தது.

எத்தனால் கலக்காத பெட்ரோலையும் விற்க வேண்டும் என்று தொடரப்பட்ட பொதுநல மனுவை, 2025 செப்டம்பர் 1-ம் தேதி உச்ச நீதிமன்றம் தள்ளுபடி செய்துவிட்டது. ஆக, சாதாரண பங்க்கில் 'எனக்கு இ10 போதும்' என்று கேட்டு வாங்கும் வாய்ப்பு பழைய கார்காரர்களுக்கு இல்லை.

இதனால் பழைய காருக்கு வரக்கூடிய சிக்கல் மூன்று விதம். முதலாவது மைலேஜ். ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் எரிசக்தி, ஒரு லிட்டர் பெட்ரோலில் இருப்பதைவிட ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு குறைவு. 2021-ல் நிதி ஆயோக் வெளியிட்ட எத்தனால் திட்ட அறிக்கையே, கலப்பில்லாத பெட்ரோலுக்காக வடிவமைத்து இ10-க்கு ட்யூன் செய்த கார்களில் 6 முதல் 7 சதவீதம் வரை மைலேஜ் குறையலாம் என்று சொன்னது. இது எத்தனாலே இல்லாத பெட்ரோலோடு ஒப்பிட்ட கணக்கு. ஏற்கெனவே இ10-ல் ஓடிக்கொண்டிருந்த கார் இ20-க்கு மாறும்போது, வெறும் எரிசக்திக் கணக்குப்படி பார்த்தால் இறக்கம் அதில் பாதி, அதாவது 3 முதல் 4 சதவீதம்.

இரண்டாவது ரப்பர். பழைய கார்களில் இருக்கும் சில வகை ரப்பர் ஹோஸ், ஓ-ரிங், கேஸ்கெட் எல்லாம் எத்தனால் பட்டால் ஊறி, உப்பி, பிறகு வெடிப்பு விடும். பெட்ரோலிய அமைச்சகமே 2025 ஆகஸ்டில் தந்த விளக்கத்தில், சில பழைய வாகனங்களில் 20,000 முதல் 30,000 கி.மீ. ஓடிய பிறகு ரப்பர் பாகங்களை மாற்ற வேண்டி வரலாம் என்று ஒப்புக்கொண்டது. அது செலவு குறைந்த வேலை, வழக்கமான சர்வீஸிலேயே முடிந்துவிடும் என்பது அமைச்சகத்தின் வாதம்.

மூன்றாவது தண்ணீர். எத்தனால் ஈரத்தை உறிஞ்சும். மாதக்கணக்கில் ஓட்டாமல் நிறுத்தி வைத்த காரில், பாதி காலியான டேங்க்கில் ஈரம் சேர்ந்துகொண்டே போனால், ஒரு கட்டத்தில் தண்ணீரும் எத்தனாலும் சேர்ந்து தனியாகப் பிரிந்து அடியில் தங்கிவிடும். பெட்ரோல் பம்ப் உறிஞ்சுவதும் அடியிலிருந்துதான். வெள்ளத்தில் மூழ்கி எழுந்த கார்களைப் பார்த்த சென்னைவாசிகளுக்கு இந்தத் தொல்லை புதுசில்லை.

இப்போ பாட்டிலுக்கு வருவோம். எரிசக்தி, ரப்பர், தண்ணீர்... இந்த மூன்றில் எதுவும் இன்ஜினுக்குள் சேரும் 'அழுக்கு' இல்லை. ஆனால் கிளீனர் பாட்டிலின் ஒரே வேலை அழுக்கை எடுப்பது.

பாட்டிலுக்குள் என்னதான் இருக்கு?

பெட்ரோல் எரியும் இடத்திலும் அதற்குப் போகும் வழியிலும் காலப்போக்கில் கறுப்பாக ஒரு படிவு சேரும். இன்ஜெக்டர் நுனியில் கொஞ்சம் அரக்கு மாதிரி, இன்டேக் வால்வின் முதுகில் கொஞ்சம் கரி மாதிரி, பிஸ்டன் தலையில் கெட்டியாக. மெக்கானிக்குகள் எல்லாத்தையும் சேர்த்து 'கார்பன்' என்பார்கள். 'கசடு' என்றும் சொல்லலாம். பள்ளியில் குறள் மனப்பாடம் செய்தவர்களுக்கு வேறு ஞாபகம் வரும், பரவாயில்லை.

இந்தப் படிவைக் கரைக்கத் தெரிந்த வேதிப்பொருட்கள் உண்மையிலேயே இருக்கு. அதில் பெயர் பெற்றது பாலிஈத்தர் அமீன், சுருக்கமாக பிஇஏ. சோப்பு எப்படி எண்ணெய்ப் பிசுக்கை எடுக்கிறதோ அதே தத்துவம்தான். மூலக்கூறின் ஒரு முனை படிவில் ஒட்டும், இன்னொரு முனை பெட்ரோலோடு கலந்திருக்கும். கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்தெடுத்து, எரிய அனுப்பிவிடும். இன்னொரு வகை பாலிஐசோபியூட்டிலீன் அமீன். அது இன்டேக் வால்வை நன்றாகச் சுத்தம் செய்யும், ஆனால் சூடு அதிகமான எரி அறைக்குள் அதுவே கொஞ்சம் படிவு சேர்க்கக்கூடும். அதனால்தான் விவரம் தெரிந்தவர்கள் லேபிளில் பிஇஏ இருக்கான்னு பார்க்கிறார்கள்.

சிக்கல் என்னன்னா, கடையில் இருக்கும் எல்லாப் பாட்டிலிலும் இது இல்லை. மலிவான சிலவற்றில் இருப்பது பெரும்பாலும் மண்ணெண்ணெய் குடும்பத்தைச் சேர்ந்த கரைப்பான். நல்ல நிறுவனங்கள் தங்கள் பொருளுக்கான பாதுகாப்புத் தகவல் தாளை இணையத்தில் போட்டிருப்பார்கள். அதில் என்னென்ன கலந்திருக்கு என்று தெரியும். அந்தத் தாளே இல்லாத பாட்டிலை, படம் எவ்வளவு பளபளப்பாக இருந்தாலும், தொடாமல் இருப்பது நல்லது.

சோதனையில் நிரூபிச்சிருக்காங்களா?

படிவைக் குறைக்கும் விஷயத்தில், ஆமாம். அமெரிக்காவில் 1995-ல் இருந்து எல்லா பெட்ரோலிலும் குறைந்தபட்ச அளவு டிடர்ஜென்ட் கலக்க வேண்டும் என்பது சட்டம். அந்தக் குறைந்தபட்சம் போதவில்லை என்று 2004-ல் பிஎம்டபிள்யூ, ஜெனரல் மோட்டார்ஸ், ஹோண்டா, டொயோட்டா நிறுவனங்கள் சேர்ந்து 'டாப் டயர்' என்ற கூடுதல் தரத்தையே உருவாக்கின. கார் கம்பெனிகளே இறங்கி வந்தார்கள் என்றால், இதில் விஷயம் இருக்கு என்றுதானே அர்த்தம்?

அமெரிக்க மோட்டார் வாகன சங்கமான 'ட்ரிபிள் ஏ' 2016-ல் இதைச் சோதித்துப் பார்த்தது. ஏறக்குறைய 6,400 கி.மீ. ஓட்டத்துக்குச் சமமான சோதனையில், டாப் டயர் அல்லாத பெட்ரோலில் இன்டேக் வால்வு படிவு சராசரியாக 19 மடங்கு அதிகமாக இருந்தது. நல்ல டிடர்ஜென்ட் பெட்ரோலுக்கு மாறி சுமார் 8,000 கி.மீ. ஓட்டினால், ஏற்கெனவே சேர்ந்த படிவும் 45 முதல் 72 சதவீதம் வரை குறையும் என்று அந்தச் சங்கம் சொன்னது.

ஆக, 'இதெல்லாம் வெறும் கலர் தண்ணி' என்று ஒரேயடியாக ஒதுக்கவும் முடியாது. அதே சமயம் அந்தச் சோதனையை இன்னொரு முறை படிச்சுப் பாருங்க. அது தினமும் போடும் பெட்ரோலில் கலந்திருக்கும் டிடர்ஜென்ட் பற்றியது. ஒரு பாட்டில் ஊற்றி மறுநாள் காலையில் 'பிக்கப் எகிறுது' என்று சொல்வது பற்றி இல்லை. நம்ம ஊரில் இந்தியன் ஆயிலின் எக்ஸ்பி95, பாரத் பெட்ரோலியத்தின் ஸ்பீடு, ஹெச்பியின் பவர் மாதிரியான பிரீமியம் பெட்ரோல்களும் இப்படி டிடர்ஜென்ட் சேர்த்துத்தான் விற்கப்படுது. லிட்டருக்குச் சில ரூபாய் கூடுதல்.

எந்த இன்ஜினுக்குப் பலன், எதுக்கு இல்லை?

பெட்ரோல் படும் இடத்தில்தான் கிளீனரும் படும். இந்த ஒரு வாக்கியத்தை ஞாபகம் வைத்துக்கொண்டால் பாதி விளம்பரங்கள் அடிபட்டுப் போகும்.

2000-க்குப் பிறகு வந்த பெரும்பாலான பெட்ரோல் கார்களில் எம்பிஎஃப்ஐ, அதாவது இன்டேக் வால்வுக்கு முன்னால் பெட்ரோலைத் தெளிக்கும் முறை இருக்கு. இவற்றில் இன்ஜெக்டரையும் வால்வையும் பெட்ரோல் கழுவிக்கொண்டே போகும். அதனால் கிளீனருக்கு வேலை இருக்கு. ஐட்லிங்கில் வண்டி லேசாகக் குலுங்குது, ஆக்சிலரேட்டரை மிதித்ததும் ஒரு நொடி தயங்குது, பிளக்கும் ஏர் ஃபில்டரும் மாற்றியாச்சு, ஆனாலும் சரியாகலை என்றால், பிஇஏ உள்ள ஒரு பாட்டிலை முயன்று பார்ப்பதில் நியாயம் இருக்கு. முதலில் பிளக், பிறகுதான் பாட்டில். இந்த வரிசை முக்கியம். ஏன்னா தேய்ந்த ஸ்பார்க் பிளக்கும், பழுதான காயிலும், அடைத்த ஏர் ஃபில்டரும் காட்டுகிற அறிகுறி அச்சு அசல் இதேதான்.

நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோலைத் தெளிக்கும் டைரக்ட் இன்ஜெக்ஷன் கார்களில் கதையே வேறு. 2013-ல் வந்த போலோ ஜிடி டிஎஸ்ஐ மாதிரியான கார்கள் இந்த ரகம். இதில் இன்டேக் வால்வின் முதுகில் பெட்ரோல் படவே படாது. டேங்க்கில் எத்தனை பாட்டில் ஊற்றினாலும் இன்ஜெக்டர் நுனி சுத்தமாகலாம், வால்வு ஆகாது. அதைக் கழற்றி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றழுத்தத்தில் அடித்துச் சுரண்டி எடுக்கும் முறைதான் உலகம் முழுக்க நடைமுறையில் இருக்கு.

பழைய கார்புரேட்டர் மாருதி 800, அம்பாசிடர், பத்மினி வைத்திருப்பவர்களுக்கு: உங்கள் வண்டியில் இன்ஜெக்டரே கிடையாது. 'இன்ஜெக்டர் கிளீனர்' வாங்கி என்ன பண்ணப் போறீங்க? கார்புரேட்டரைக் கழற்றி ஸ்ப்ரே அடித்துச் சுத்தம் செய்யத் தெரிந்த மெக்கானிக் கிடைத்தால் அவருக்கு அந்தக் காசைக் கொடுங்க.

பிஸ்டன் ரிங் தேய்ந்து கம்ப்ரஷன் விழுந்த இன்ஜினுக்கு எந்தப் பாட்டிலும் உயிர் கொடுக்காது. சைலன்ஸரில் நீலப் புகை வந்தால் ஆயில் எரிகிறது என்று அர்த்தம். அது உலோகத் தேய்மானம், அழுக்கு இல்லை.

கணக்குப் போட்டுப் பார்த்தா?

மாதம் 1,000 கி.மீ. ஓடுகிற, லிட்டருக்கு 15 கி.மீ. கொடுக்கிற பழைய காரை எடுத்துக்கொள்வோம். பெட்ரோல் லிட்டர் 101 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். இ10-லிருந்து இ20-க்கு மாறியதில் மைலேஜ் 14.5 ஆகக் குறைந்தால், மாதம் ஏறக்குறைய 2.3 லிட்டர், அதாவது சுமார் 230 ரூபாய் கூடுதல் செலவு. 5,000 கி.மீட்டருக்கு 1,150 ரூபாய் போல. இந்தப் பணத்தைப் பாட்டில் மீட்டுத் தராது. எத்தனாலில் இல்லாத எரிசக்தியை எந்த வேதிப்பொருளும் உருவாக்க முடியாது.

சரி, இ20-ஐ விடுங்க. பாட்டில் தன் விலையையாவது சம்பாதிக்குமா? 500 ரூபாய் பாட்டிலை 5,000 கி.மீ.க்கு ஒரு முறை ஊற்றுவதாக வைத்துக்கொண்டால், அந்தத் தூரத்துக்குப் பெட்ரோல் செலவே சுமார் 33,600 ரூபாய். பாட்டில் காசு திரும்ப வர மைலேஜ் 1.5 சதவீதம் கூடணும். 15 கி.மீ. என்பது 15.2 ஆகணும். பெரிய விஷயமில்லைதான், அழுக்கு ஏறிய இன்ஜினில் இது நடக்கக்கூடியதே. ட்ரிபிள் ஏ கணக்கில் டிடர்ஜென்ட் குறைந்த பெட்ரோலை நீண்டகாலம் போட்டால் வரும் மைலேஜ் இழப்பு 2 முதல் 4 சதவீதம். ஏற்கெனவே சுத்தமாக இருக்கும் இன்ஜினில் மீட்க எதுவும் இல்லை, 500 ரூபாய் புகைதான்.

இந்த 0.2 கி.மீ. வித்தியாசத்தை நீங்கள் கண்ணால் பார்க்கவும் முடியாது. கிண்டி கத்திபாராவில் பத்து நிமிஷம் கூடுதலாக நின்றாலே அதைவிட அதிகமாக மாறிவிடும். 'ஊத்தினதும் மைலேஜ் ரெண்டு கூடிடுச்சு' என்று வாட்ஸ்அப்பில் வரும் சாட்சிகளை இந்தக் கணக்கோடு வைத்துப் பார்க்கணும். டயரில் காற்று சரியாக இருக்கான்னு பார்ப்பது இலவசம், அதன் பலன் இதற்குக் குறைந்ததும் இல்லை.

பூச்சி உருண்டை வைத்தியம் தெரியாதவர்களும் இருக்க மாட்டார்கள். பீரோவில் வைக்கும் நாப்தலீன் உருண்டையை டேங்க்கில் போட்டால் வண்டி பறக்கும் என்பது ஊரில் ரொம்ப நாளாக ஓடும் கதை. அது பெட்ரோலில் கரையும் என்பது உண்மை. பெட்ரோல் ஆவியான இடத்தில் மறுபடி படிகமாக உறைந்து ஜெட்டை அடைக்கும் என்பதும் உண்மை. வேண்டாம்.

'இன்ஜின் ஃப்ளஷ்' ஆபத்தா?

டேங்க்கில் ஊற்றுவது ஒன்று, இன்ஜின் ஆயிலில் ஊற்றுவது வேறு. இரண்டையும் 'இன்ஜின் கிளீனர்' என்ற ஒரே பெயரில் விற்பதால் பலருக்கும் குழப்பம்.

ஃப்ளஷ் என்பது ஆயில் மாற்றுவதற்குச் சற்று முன்னால் பழைய ஆயிலோடு ஊற்றி, பத்து நிமிஷம் ஐட்லிங்கில் ஓடவிட்டு, எல்லாவற்றையும் வடித்துவிடுவது. ஆயில் நேரத்துக்கு மாற்றி வந்த இன்ஜினுக்கு இது தேவையே இல்லை. ஆயிலிலேயே சுத்தம் செய்யும் டிடர்ஜென்ட் இருக்கு. பல வருஷம் ஆயில் மாற்றாமல் உள்ளே தார் மாதிரி கட்டிப்போன இன்ஜினுக்குத்தான் இது தேவைப்படும், ஆனால் அங்கேதான் ஆபத்தும் இருக்கு. கரைப்பான் பட்டதும் பெரிய பெரிய கட்டியாகக் கசடு பெயர்ந்து, ஆயில் சம்ப்பில் இருக்கும் ஸ்ட்ரெய்னரை அடைத்தால், மேலே ஆயில் போகாது. ஆயில் இல்லாமல் ஓடும் இன்ஜின் சில நிமிஷத்தில் சீஸ் ஆகிவிடும். சில பழைய சீல்களில் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்ததே அந்தக் கசடுதான் என்பதால், சுத்தம் செய்த பிறகு லீக் ஆரம்பிக்கும் கதையும் உண்டு.

செகண்ட் ஹேண்டில் கார் வாங்கியவர்கள் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, உள்ளே டார்ச் அடித்துப் பாருங்க. பழுப்பு நிறத்தில் மெல்லிய பூச்சு என்றால் பயமில்லை. கறுப்பாகக் களிம்பு மாதிரி அப்பியிருந்தால் ஃப்ளஷ் பக்கம் போகாதீங்க. நல்ல ஆயில் ஊற்றி, 2,000, 3,000 கி.மீ.க்கு ஒருமுறை ஃபில்டரோடு சேர்த்து இரண்டு மூன்று தடவை மாற்றினால் மெதுவாக வெளியே வரும். செலவு கொஞ்சம் கூடத்தான், ஆனால் இன்ஜின் வேலைக்கு ஆகும் செலவோடு ஒப்பிட்டால் அது சில்லறை.

ஆயிலில் ஊற்றும் 'அதிசய' திரவங்களுக்குப் பழைய வரலாறும் இருக்கு. அமெரிக்க வர்த்தக ஆணையம் 1978-ல் எஸ்டிபி நிறுவனத்திடமிருந்து ஆயில் ட்ரீட்மென்ட் பற்றிய தவறான விளம்பரத்துக்காக 5 லட்சம் டாலர் அபராதம் வாங்கியது. 1997-ல் ஸ்லிக் 50, 2000-ல் ட்யூரா லூப் என்று வழக்குகள் தொடர்ந்தன. இவை எல்லாம் ஆயிலில் ஊற்றும் ரகம் பற்றிய வழக்குகள், டேங்க் கிளீனர் பற்றியவை அல்ல. ஆனாலும் விளம்பர வாசகங்கள் இன்றைக்கு நம் போனில் வரும் ரீல்ஸோடு ஒத்துப்போவது வேடிக்கை.

அப்போ இ20-க்குப் பழைய கார் வைத்திருப்பவர் என்ன செய்யணும்?

முதலில் ஓனர்ஸ் மேனுவல், இல்லாவிட்டால் பெட்ரோல் மூடிக்குப் பின்னால் இருக்கும் ஸ்டிக்கர். 2023 ஏப்ரலுக்குப் பிறகு தயாரான கார்களில் பாகங்கள் இ20-ஐத் தாங்கும்படி வந்துவிட்டன. அதற்கு முந்தைய கார் என்றால், அடுத்த சர்வீஸில் பெட்ரோல் ஹோஸ்களையும் ஓ-ரிங்குகளையும் பார்க்கச் சொல்லுங்க. ஹோஸ் ஒட்டுதா, உப்பியிருக்கா, வெடிப்பு இருக்கா என்று கையால் அழுத்திப் பார்த்தாலே தெரியும். வண்டியில் பெட்ரோல் வாசனை வந்தால் சர்வீஸ் வரைக்கும் காத்திருக்கக் கூடாது. அது தீ விபத்துக்கான வழி.

ஃப்யூயல் ஃபில்டரையும் மறக்க வேண்டாம். எத்தனாலே ஒரு கரைப்பான்தான். பழைய டேங்க்கில் வருஷக்கணக்கில் ஒட்டியிருந்த பிசினை அது கிளப்பிவிட்டு ஃபில்டரில் கொண்டுபோய் சேர்க்கும். இ20 போட ஆரம்பித்த பிறகு வண்டி திணறுது என்றால், பாட்டில் வாங்குவதற்கு முன்னால் ஃபில்டர் மாற்றிப் பாருங்க. அடிக்கடி ஓட்டாத காராக இருந்தால் டேங்க்கை நிரப்பி நிறுத்துங்க, காற்றுக்கு இடம் குறைந்தால் ஈரத்துக்கும் இடம் குறையும். தண்ணீர் பிரிந்து தங்கிவிட்ட டேங்க்கை வடித்துத்தான் ஆகணும்.

இவ்வளவுக்கும் பிறகு, சரி ஒரு தடவை ஊற்றியே பார்ப்போம் என்று தோணினால்: லேபிளில் சொன்ன அளவுக்கு மேல் வேண்டாம், 'டபுள் டோஸ்' அடித்தால் டபுள் சுத்தம் கிடையாது. ஃபுல் டேங்க்கில் ஊற்றி, தாம்பரம் தாண்டி ஜிஎஸ்டி சாலையில் ஒரு நீண்ட ஓட்டம் போங்க, ஐட்லிங்கில் நிறுத்தி வைத்தால் பலன் குறைவு. கிளீனர் கொஞ்சம் ஆயிலோடும் கலக்கும் என்பதால், அடுத்த ஆயில் சர்வீஸ் நெருங்கும்போது ஊற்றுவது நல்லது. வாரண்டி பாக்கியிருக்கும் கார் என்றால் கம்பெனி எதை அனுமதிக்கிறது என்று மேனுவலில் பார்த்துக்கொள்ளுங்க.

சர்வீஸ் சென்டர் பில்லில் கேட்காமலே இந்த வரி வந்திருந்தால், 'எந்தப் பிராண்ட், எவ்வளவு மில்லி, என்ன அறிகுறிக்காக ஊற்றினீங்க, காலி பாட்டிலைக் காட்டுங்க' என்று கேட்கலாம். பதில் வரவில்லை என்றால் அந்த வரியை எடுக்கச் சொல்லிவிட்டு மீதிக்கு மட்டும் பணம் கட்டுங்க.